இரவல் தாடை

முப்பரிமாண அச்சு எந்திரத்தின் மூடியைத் திறந்ததும் வெளியே வந்தது நாத்தனாரின் தாடை.

அண்ணி அதை இரண்டு கைகளாலும் பிடித்து எடுத்தாள். பிசுபிசுப்பு இன்னும் போகவில்லை. ஸ்பிரிட்டில் அலசினாள். அச்சாகும்போது சரிந்துவிடாமல் இருக்க அடியில் முட்டுக் கொடுத்திருந்த மெல்லிய குச்சிகளைச் சின்னக் கட்டரால் ஒவ்வொன்றாக நறுக்கினாள். பிறகு விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

தாடையில் ஒரு குறையும் இல்லை. அது யாருடைய அளவில் எடுத்தது என்பதுதான் உறுத்தியது.

நடுவில் வந்து உட்கார்ந்தவர்களுக்காக ஒரு நிமிடம் நிற்போம். அண்ணி இந்த ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில் வேலை பார்க்கிற இன்ஜினியர். முகம் உடைந்து வருகிறவர்களின் ஸ்கேனைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, எலும்பை மட்டும் பிரித்தெடுத்து, எந்தத் துண்டு எங்கே போக வேண்டும் என்று திரையிலேயே நகர்த்திப் பார்த்து, அதை அப்படியே பிளாஸ்டிக்கில் அச்சடித்து சர்ஜன் கையில் கொடுப்பது அவள் வேலை. சொந்தப் பெயர் ஒன்று அவளுக்கு உண்டு. ஆனால் நாத்தனார் ஒரு மதியம் இந்த அறை வாசலில் வந்து நின்று "அண்ணீ!" என்று போட்ட சத்தத்தில், அன்றிலிருந்து சர்ஜன் முதல் தரை துடைக்கிறவர் வரை எல்லோருக்கும் அவள் அண்ணிதான்.

அந்த நாத்தனாருக்கு வீட்டில் 'வாலு' என்று பெயர். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. இப்போது மேலே வார்டில், மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டிய நிலையில் படுத்திருக்கிறாள். சில வாரங்களுக்கு முன் அண்ணன் காரை ஓட்ட, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போனாள். குறுக்குத் தெருவிலிருந்து வந்த வேன் அவள் பக்கத்துக் கதவில் மோதியது. அண்ணனுக்கு ஒரு சிராய்ப்பு. தங்கைக்கு முகத்தின் இரண்டு பக்கமும் நொறுங்கிப் போயிற்று. அன்றைக்கு உயிரைப் பிடித்து நிறுத்துவதே பெரும்பாடாக இருந்ததால் எலும்பை ஏதோ அவசரத்துக்கு நிறுத்தி வைத்தார்கள். அது இப்போது கோணலாக ஒட்டிக்கொண்டு வருகிறது. நாளைக் காலை அதைப் பிரித்து மறுபடி சேர்க்க வேண்டும். தள்ளிப்போட்டால் இறுகிவிடும்.

ஒரு பக்கம் மட்டும் உடைந்திருந்தால் அண்ணிக்குக் கவலையே கிடையாது. நல்ல பக்கத்தைக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி திருப்பி, உடைந்த பக்கத்துக்கு அளவாக வைத்துவிடலாம். வாலுவுக்கு நல்ல பக்கம் என்று ஒன்று மிச்சமில்லை. பழைய போட்டோக்களில் சிரிப்பு இருந்தது, எலும்பு இல்லை. அதே சாடையுள்ள ஒரு சொந்தக்காரரின் ஸ்கேன் வேண்டியிருந்தது. அண்ணனும் தங்கையும் உரித்து வைத்த மாதிரி இருப்பார்கள். எனவே போன வாரம் அண்ணி தன் கணவனையே ஸ்கேன் மெஷினில் படுக்க வைத்தாள். அவன் முக எலும்பைக் கொஞ்சம் சுருக்கி, ஆண்பிள்ளைத்தனத்தை அங்கங்கே குறைத்து, தங்கைக்கு அளவாக்கினாள்.

அது வாலுவுக்கு இன்னும் தெரியாது. விபத்துக்குப் பிறகு அவள் அண்ணனிடம் முகம் கொடுத்துப் பேசுவதே இல்லை.

"வந்தாச்சா அண்ணி?"

சர்ஜன் உள்ளே வந்து மாடலை வாங்கினார். பாக்கெட்டிலிருந்து ஒரு டைட்டானியம் தகட்டை எடுத்துத் தாடையின் ஓரத்தில் வைத்துப் பார்த்தார். குறட்டால் லேசாக வளைத்து, மறுபடி வைத்தார். தகடு எலும்போடு ஒட்டி உட்கார்ந்தது.

"அருமை. நாளைக்கு உள்ளே போய் வளைச்சுக்கிட்டு நிக்க வேண்டியதில்லை. சொல்லியாச்சா?"

"இல்லை டாக்டர்."

"மயக்க மருந்து கொடுக்கறதுக்கு முன்னாடி அவங்களுக்குத் தெரிஞ்சாகணும். அவங்க முகம். நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்றேன்."

"சம்மதக் கையெழுத்தும் வாங்கிட்டு வந்துடுங்க. சாயங்காலத்துக்குள்ள எல்லாத்தையும் கிருமி நீக்க அனுப்பணும்."

மாடலை ஒரு டப்பாவில் வைத்து, சம்மதப் படிவத்தையும் எடுத்துக்கொண்டு அவள் படியேறினாள்.

வார்டு வாசலில் மாமியார் வழிமறித்தாள். மருமகள் கையில் இருந்த டப்பாவைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள்.

"ஏம்மா, அந்தப் பேச்சை மட்டும் எடுத்துடாதே. உனக்குப் புண்ணியமாப் போகும்."

"டாக்டர் சொல்லச் சொல்லிட்டார் அத்தை."

"ஆபரேஷன் முடியட்டும். நானே பதமா சொல்லிக்கறேன்."

"முடிஞ்சப்புறம் சொன்னா, அதுக்குப் பேரு சொல்றது இல்ல அத்தை."

"என்ன, மாமியாரும் மருமகளும் வாசல்லயே மாநாடா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

பல்லைக் கட்டினாலும் வாலுவின் வாயைக் கட்ட முடியவில்லை. பற்களின் இடுக்கு வழியாகவே பேசக் கற்றுக்கொண்டிருந்தாள். ஒரு கண் இன்னும் சரியாகத் திறக்கவில்லை. கன்னம் உள்வாங்கி, தாடை ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது. அண்ணி தினமும் பார்க்கிற முகம்தான். தினமும் முதல் பார்வையில் மனசு ஒருமுறை திடுக்கிட்டு அடங்கும்.

"நாளைக்கு நீ எப்படி இருப்பேன்னு கொண்டு வந்திருக்கேன்" என்று டப்பாவைத் திறந்தாள்.

வாலு மாடலைக் கையில் வாங்கினாள். கடையில் எத்தனையோ முகங்களுக்குக் கண்ணாடி மாட்டிப் பார்த்தவள் அவள். ஆள் உள்ளே நுழையும்போதே இவருக்கு வட்டம், இவருக்குச் சதுரம் என்று தீர்மானித்துவிடுவாள். இப்போது கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரலால் தாடையின் ஓரத்தைக் காதுப் பக்கத்திலிருந்து தடவிக்கொண்டே வந்தாள். முகவாய்க்கு வந்ததும் விரல் நின்றது.

"இது நான் இல்லை."

கண்ணைத் திறந்து மாடலைத் திருப்பிப் பார்த்தாள்.

"எனக்கு முகவாய் கூரா இருக்கும். இது சதுரம். இது யாருது?"

"கம்ப்யூட்டர் போட்டதும்மா" என்று மாமியார் முந்திக்கொண்டாள். "அதுக்கு என்ன தெரியும்? முன்னே பின்னேதான் இருக்கும்."

"அம்மா, நீ சும்மா இரு. அண்ணி, உங்களைத்தான் கேக்கறேன்."

அண்ணி கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். "உங்கண்ணனோடது. அவரை ஸ்கேன் பண்ணி, அந்த அளவை வச்சுத்தான் உனக்கு வடிவம் எடுத்தேன். இதை முன்னாடியே சொல்லியிருக்கணும்."

வாலுவின் திறந்த கண் அவளையே பார்த்தது. அதில் கண்ணீர் வந்திருந்தால்கூட அண்ணிக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"என் முகத்தை உடைச்சவன் முகத்தையே எடுத்து எனக்கு மாட்டிவிடப் போறீங்க. பல் தேய்க்கும்போதெல்லாம் கண்ணாடியில நான் அவனைப் பார்க்கணும். அப்படித்தானே?"

"மாட்டறது உன் எலும்பைத்தான் வாலு. அவர்கிட்டேர்ந்து எடுத்தது வெறும் அளவு."

"அந்த அளவும் எனக்கு வேண்டாம். கோணலாவே இருந்துட்டுப் போகட்டும்."

"கோணலா விட்டா பல்லோட பல்லு சேராது. ஆயுசுக்கும் உன்னால கடிச்சுச் சாப்பிட முடியாது. கண்ணு கீழ இறங்கி, பார்க்கறதெல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியும். அழகுக்காகப் பண்றோம்னு நினைச்சியா?"

"அப்ப அவன் வரட்டும்." வாலு மாடலை மடியில் வைத்துக்கொண்டாள். "என் முன்னாடி நின்னு, 'பார்க்காம ஓட்டிட்டேன்'னு ஒரு வார்த்தை சொல்லட்டும். நான் கையெழுத்துப் போடறேன். இத்தனை நாளா அந்த ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வரல அண்ணி. கேட்டா, 'பார்த்தேன், தெரு காலியா இருந்துச்சு'ங்கறான். அவ்வளவு பெரிய வெள்ளை வேன்! நான் கத்தறேன், அப்பவும் நேராப் பார்த்துக்கிட்டே ஓட்டறான். தப்பு பண்ணினதைக்கூட மன்னிச்சுடுவேன். பொய் சொல்றானே, அதைத்தான் என்னால தாங்க முடியல."

அண்ணியும் அதைப் பொய் என்றே நம்பினாள். "காலியாத்தான் இருந்துச்சு" என்று கணவன் சொல்லும்போதெல்லாம் அவள் பேச்சை மாற்றிவிடுவாள். அதற்கப்புறம் அவன் அவளிடமும் சொல்வதை நிறுத்திவிட்டான்.

மாமியார் போனை எடுத்து மகனைக் கூப்பிட வெளியே போனாள்.

"முகவாயையாவது சரி பண்ணிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு அண்ணி கீழே இறங்கினாள். கையும் மனசும் பரபரத்துக்கொண்டிருக்கும்போது அவளுக்குத் தெரிந்த மருந்து வேலை ஒன்றுதான்.

திரையில் இரண்டு மண்டையோடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் கொண்டுவந்தாள். போன வாரம் அவசரத்தில், ஒன்றின் மேல் ஒன்றைப் பொருத்துகிற வேலையைக் கம்ப்யூட்டரிடமே விட்டிருந்தாள். முகவாய் அகலமாகப் போனதற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும். இந்த முறை தானே கையால் பொருத்திவிடுவது என்று தீர்மானித்தாள்.

அதற்கு இரண்டிலும் உடையாத ஓர் இடம் வேண்டும். மண்டையோட்டின் அடித்தளத்தில், நட்டநடுவில், குதிரைச் சேணம் மாதிரி ஒரு சின்னப் பள்ளம் எல்லோருக்கும் உண்டு. எந்த விபத்தும் சுலபத்தில் எட்டாத இடம். முகத்தை அளக்கிறவர்கள் அங்கேயிருந்துதான் தொடங்குவார்கள். வாலுவின் மண்டையோட்டில் அந்தப் பள்ளம் சுண்டுவிரல் நுனியைப் பதித்த மாதிரி இருந்தது. அங்கே ஒரு புள்ளி வைத்தாள்.

கணவனுடையதைத் திருப்பினாள்.

அங்கே பள்ளம் பள்ளமாக இல்லை. கட்டைவிரலை வைத்து அழுத்திச் சுழற்றிய மாதிரி அகன்று, அடி எலும்பு காகிதம் போல மெலிந்திருந்தது.

எலும்பைப் பிரித்தெடுத்ததில் ஏதோ பிசகு என்றுதான் முதலில் நினைத்தாள். அவளுக்குத் தேவை எலும்பு மட்டும் என்பதால் மற்ற சதை, நரம்பு எல்லாவற்றையும் ஒரே தட்டில் திரையிலிருந்து நீக்கியிருந்தாள். இப்போது நீக்கியதை எல்லாம் திரும்பக் கொண்டுவந்தாள். சாம்பல் நிறப் படங்கள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. அந்தப் பள்ளம் நிறைய உருண்டையாக ஏதோ உட்கார்ந்திருந்தது. பள்ளத்தில் இடம் போதாமல் மேலேயும் எழும்பியிருந்தது.

அவள் டாக்டர் இல்லை. அது என்ன என்று அவளுக்குப் பெயர் சொல்லத் தெரியாது. ஆனால் இத்தனை வருஷத்தில் அவள் பார்த்த எந்த மண்டையோட்டிலும் அந்த இடம் இப்படி இருந்ததில்லை.

போன் போட்டதும் சர்ஜன் வந்தார். வழக்கமாக ஏதாவது கிண்டலோடு உட்காருகிறவர், திரையைப் பார்த்ததும் நின்றபடியே மவுஸை வாங்கினார். முன்னும் பின்னுமாக நகர்த்தினார். பிறகு ஸ்கேன் டாக்டருக்குப் போன் போட்டார். அளவுக்காக எடுத்த ஸ்கேன் என்பதால் அவசரம் இல்லாத வரிசையில் அது இன்னும் காத்துக்கொண்டிருந்தது. இப்போது அவரும் தன் அறையில் திறந்து பார்த்தார். இந்தப் பக்கம் சர்ஜன் "ம்… ம்… எனக்கும் அதேதான் தோணுது" என்றார்.

போனை வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு அவளுக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"மூளைக்கு அடியில பட்டாணி அளவுல ஒரு சுரப்பி இருக்கு அண்ணி. அதுல ஒரு கட்டி வளர்ந்திருக்கற மாதிரி தெரியுது. பெரும்பாலும் கேன்சர் இல்லாத வகைதான். எம்.ஆர்.ஐ. எடுத்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும். வைத்தியம் இருக்கு. முதல்ல இதை மனசுல வாங்கிக்கோங்க."

"வாங்கிட்டேன். மேல சொல்லுங்க."

"அதுக்கு நேர் மேலதான் ரெண்டு கண்ணோட நரம்பும் ஒண்ணுக்கொண்ணு குறுக்கே போகுது. கட்டி எழும்பி அதை அழுத்தினா, நேரா இருக்கறது நல்லாத் தெரியும். ரெண்டு பக்கத்து ஓரமும் கொஞ்சம் கொஞ்சமாப் போயிடும். திடீர்னு இருட்டினாத் தெரியும். இப்படிப் போனா நிறைய பேருக்குப் போனதே தெரியாது. அவர் என்ன வேலை பார்க்கறார்?"

"கட்டடம் கட்டற இடத்துல… கிரேன் ஓட்டறார்."

சர்ஜன் கண்ணாடியைக் கழற்றினார். "இன்னிக்கே கண்ணைச் சோதிச்சாகணும். அதுவரைக்கும் அவர் எதையும் ஓட்டக் கூடாது. பக்கத்துலேர்ந்து ஒரு வண்டி வந்தாக்கூட அவருக்கு…"

மீதியை அவள் கேட்கவில்லை. லிப்டுக்குக் காத்திருக்காமல் படியேறிக்கொண்டிருந்தாள்.

வார்டுக் கதவைத் தள்ளியபோது கணவன் வந்துவிட்டிருந்தான். கட்டிலை ஒட்டி, ஜன்னலைப் பார்த்தபடி நின்றிருந்தான். தங்கை அவனுக்குப் பக்கவாட்டில் தலையணையில் சாய்ந்திருந்தாள். மாமியார் மூலையில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"சொல்லு" என்றாள் வாலு.

"பார்த்தேன்டி. சத்தியமாப் பார்த்தேன். தெரு காலியா இருந்துச்சு. நீ எத்தனை தடவை கேட்டாலும் நான் அதைத்தான் சொல்ல முடியும்."

"அப்ப இந்தா. உன் தாடையை நீயே வச்சுக்கோ."

மடியிலிருந்த மாடலை எடுத்து அவன் தோள் உயரத்துக்கு நீட்டினாள். அவன் திரும்பவில்லை. ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எவ்வளவு நேரம் நீட்டிக்கிட்டு இருப்பேன்? கையிலகூட வாங்க மாட்டியா? என்னைப் பார்க்கக்கூட உனக்குப் பிடிக்கலையா?"

"எதை?" என்று அவன் உடம்போடு திரும்பினான். முகத்துக்கு நேரே இருந்த மாடலைக் கண்டதும் பின்வாங்கினான். "இது… இதை எப்ப நீட்டினே?"

வாலுவுக்கு ரத்தம் தலைக்கேறியது. "நடிக்கறான் பாருங்க அண்ணி!"

வாசலில் நின்றிருந்த அண்ணிக்கு மட்டும் அது நடிப்பில்லை என்று தெரிந்தது. போன வாரம் என்றால் அவளும் வாலு பக்கம்தான் பேசியிருப்பாள்.

அவள் போய்க் கணவனுக்கு எதிரில் நின்றாள். "என்னங்க, அசையாதீங்க. என் மூக்கை மட்டும் பாருங்க."

"இப்ப என்ன விளையாட்டு?"

"பாருங்களேன். எனக்காக. வாலு, அதைக் கீழ வச்சுட்டு, உன் கையை அவர் பக்கத்துல நீட்டு. விரலை ஆட்டு."

வாலு ஏதோ பதிலடி கொடுக்கத்தான் வாயெடுத்தாள். அப்படியே நிறுத்திக்கொண்டாள். கடையின் உள்ளறையில் கண் சோதிக்கிறவர் இதையே செய்வதை அவள் எத்தனையோ முறை கதவிடுக்கில் பார்த்திருக்கிறாள். நேராகப் பாருங்க, விரல் அசைவது தெரிந்ததும் சொல்லுங்க. திறந்திருந்த அந்த ஒரு கண்ணில் கோபம் இருந்த இடத்தில் இப்போது சந்தேகம் வந்தது.

அண்ணன் காதுக்கு நேராகக் கையை நீட்டி விரல்களை ஆட்டினாள்.

"தெரியுதா?"

"என்ன தெரியுதா?"

கையை முன்னால் கொண்டுவந்தாள். "இப்ப?"

"என்னடி கேக்கறே நீ?"

இன்னும் முன்னால். விரல்கள் அவன் புருவத்தின் ஓரத்தைத் தாண்டியும் அவன் மனைவியின் மூக்கையே சாதுவாகப் பார்த்துக்கொண்டிருந்தான். கிட்டத்தட்ட கண்ணுக்கு முன்னால் வந்த பிறகுதான், "ஆங், இப்பத் தெரியுது. கைதானே?" என்றான்.

வாலு அவன் சட்டையைப் பிடித்து இழுத்து மறுபக்கம் திருப்பி நிறுத்தினாள். அந்தப் பக்கமும் அதே கதைதான். அவள் கை மெல்ல இறங்கியது.

"என்னடி பண்றீங்க ரெண்டு பேரும்?" என்றாள் மாமியார்.

"காலியாத்தான் இருந்திருக்கு" என்றாள் வாலு.

"என்னது?"

"தெரும்மா. இவனுக்குக் காலியாத்தான் இருந்திருக்கு."

அண்ணி கணவனின் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள். சர்ஜன் அவளிடம் சொன்ன அதே வரிசையில், வைத்தியம் இருக்கிறது என்பதை முதலில் வைத்து, பட்டாணி, கட்டி, நரம்பு என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். மாமியார் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவன் குறுக்கே ஒரு கேள்வி கேட்கவில்லை.

"உங்களை நம்பலை நான்" என்றாள் அண்ணி கடைசியில்.

பிறகு வாலு மூக்கை உறிஞ்சிக்கொண்டு கையை நீட்டினாள்.

"அந்தப் பேப்பரைக் கொடுங்க. எங்க போடணும்?"

"வாலு…"

"முகவாயை மட்டும் கூராக்கிடுங்க அண்ணி. மத்தது இருக்கட்டும். வெளியாள் தாடையா என்ன? எங்க வீட்டுத் தாடைதானே." கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவால் அண்ணன் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினாள். "டேய், ஏதாவது பேசேன். பயமா இருக்கு."

அவன் தலை நிமிரவில்லை. தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மா போன் பண்ணினதால நான் வரலை" என்றான்.

"பின்னே?"

"காலையில கம்பிக் கட்டு ஒண்ணைத் தூக்கி மேல் தளத்துக்குத் திருப்பினேன். கீழ எல்லாரும் கத்தினாங்க. எனக்கு முன்னாடி ஒண்ணுமே இல்லை. எதுக்குக் கத்தறாங்கன்னு புரியாம நான் திருப்பிக்கிட்டே இருந்தேன். ஓரத்துல ஒருத்தர் நின்னிருக்கார்."

மாமியார் "ஐயோ" என்று உட்கார்ந்தாள்.

"எங்க பட்டுது அவருக்கு?" என்று கேட்டாள் அண்ணி. கேட்கும்போதே அவளுக்குப் பதில் தெரிந்துவிட்டது. நகரில் எத்தனை ஆஸ்பத்திரி இருந்தாலும், ஒரு வகைக் காயத்துக்கு மட்டும் எல்லோரும் இங்கேதான் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

அவன் நிமிர்ந்து மனைவியை நேராகப் பார்த்தான். நேராக இருப்பது அவனுக்கு நன்றாகவே தெரிந்தது.

"முகத்துல" என்றான். "கீழ, உங்க ஸ்கேன் ரூம் வாசல்லதான் படுக்க வச்சிருக்காங்க."